பட்டமா, பதிவா?
தாதியர் கல்வி பற்றித் தமிழ்ப் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி

ஆண்டுதோறும் க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்த மறுவாரமே வடக்கு, கிழக்கு மாகாணங்களின் மதிற்சுவர்களும் மின்கம்பங்களும் புதுக்கோலம் பூண்டுவிடுகின்றன. வெண்ணிற உடையணிந்த பெண்ணொருத்தியின் படம். "நீங்களும் தாதியாகலாம்" என்ற அழைப்பு. கீழே தொலைபேசி இலக்கம். அதற்கும் கீழே, வெளிநாட்டு வேலைவாய்ப்பு என்னும் தூண்டில். இவ்வளவுக்கும் நடுவே சற்றுப் பெரிய எழுத்தில் இன்னொரு சொற்றொடரும் இருக்கும். "அரசாங்கத்தில் பதிவு பெற்ற நிறுவனம்" என்பதே அது. அவ்வரியைக் கண்டதும் எமது மக்களின் ஐயமெல்லாம் அகன்றுவிடுகின்றது. அரசாங்கமே பதிவு செய்திருக்கும்போது வேறென்ன விசாரிக்க இருக்கின்றது என்று எண்ணுகின்றார்கள்.

நாம் கேட்பது ஒரே கேள்வி. பதிவு பெற்றது யார்? நிறுவனமா? அல்லது அங்கே படித்து வெளிவரப்போகும் உங்கள் பிள்ளையா?

இவ்விரண்டும் ஒன்றல்ல. ஒன்றுபோல் தோன்றச் செய்வதிலேதான் விளம்பரத்தின் சாமர்த்தியம் அடங்கியிருக்கின்றது. சட்டத்தின் நிலையை நாம் சுருக்கமாக எடுத்துரைப்போம். தாதியர் தொழில் பதிவேட்டினால் ஆளப்படும் தொழில். முன்னர் 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வைத்தியர்களைப் பதிவு செய்த சபையே தாதியரையும் பதிவு செய்து வந்தது. பின்னர் 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் தாதியருக்கெனத் தனியானதொரு சபையை அமைக்க வழிவகுத்தது. ஒருவர் தாதியா அன்றோ என்பதை முடிவு செய்வது அப்பதிவேட்டில் அவர் பெயர் உண்டா இல்லையா என்பதே. மறுபுறத்தில், 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு என்றொரு அமைப்பு உண்டு. தையல், தச்சு, மின்னிணைப்பு, கணினி, சமையல், முதியோர் பராமரிப்பு என்று பற்பல தொழில்களைக் கற்பிக்கும் நிலையங்களைப் பதிவு செய்வது அதன் கடமைகளுள் ஒன்று. அது பயனுள்ள பணிதான். ஆனால் அவ்வாணைக்குழு ஒரு கட்டடத்தையும் அதில் நடைபெறும் பாடநெறியையும் பதிவு செய்வதனால், அங்கே படித்த பெண் தாதியர் பதிவேட்டில் ஏறிவிடுவதில்லை. உதவித் தாதி என்பது வேறு. பராமரிப்பாளர் என்பது வேறு. பதிவு பெற்ற தாதி என்பது முற்றிலும் வேறு. முதலிரண்டும் இழிவான தொழில்களென நாம் கூறவில்லை. அவற்றைக் கற்பித்துவிட்டு மூன்றாவதன் பெயரால் கட்டணம் அறவிடுவதையே நாம் கண்டிக்கின்றோம்.

எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்த குடும்பங்களுள் ஒன்று வன்னியைச் சேர்ந்தது. தகப்பனார் கமக்காரர். இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைத்து மகளின் படிப்புக்குப் பணம் கட்டியிருந்தார். வயலுக்கு ஈட்டுறுதி முடித்தபோது நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகள் இருவரை வைத்து, எல்லை வரிவரியாக வாசிக்கப்பட்டுக் கையொப்பமிட்ட அதே மனிதர், அந்தப் பணத்தைக் கல்வி நிலையத்தில் கொடுத்தபோது பெற்றது கையகலப் பற்றுச்சீட்டு ஒன்று மட்டுமே. அதில் "பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது" என்றிருந்தது. எந்தப் பயிற்சி, எத்தனை மாதம், எந்த வைத்தியசாலையில் செயன்முறைப் பயிற்சி, முடிவில் எந்தத் தகைமை என்பன பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. பிள்ளை கெட்டிக்காரி, பரீட்சைகள் யாவற்றிலும் சித்தி பெற்றாள். அரசாங்க வைத்தியசாலையின் படியேறியபோதுதான் அவள் தாதியல்லள் என்பது தெரிய வந்தது. வயல் மீண்டதா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வழக்காடுவதற்கு எழுத்தில் வாக்குறுதி வேண்டும். வாக்குறுதிகள் யாவும் வாய்மொழியாகவே கொடுக்கப்பட்டிருந்தன. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வணிகம் நடத்துவோர் மக்களை மயக்கும் வகையில் நடந்துகொள்வதைத் தடை செய்கின்றது என்பது உண்மையே. எனினும் சட்டம் பின்னால் வருவது. ஈட்டு வட்டியோ மாதந்தோறும் முன்னால் வருவது.

தனியார் நிலையங்கள் எல்லாமே ஏமாற்றுவன என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. நேர்மையாக நடத்தப்படுவனவும் உள. ஆயினும் நேர்மையானவரிடம் கேள்வி கேட்பதால் அவருக்கு நட்டமில்லை. கேள்வி கேட்டவுடன் முகம் சுளிப்பவரிடம் பணம் கட்டாதிருப்பது எமக்கு இலாபம்.

இனி அரசாங்கத்தின் வழிகளைப் பார்ப்போம். இரண்டு உண்டு. ஒன்று, சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா ஆகிய இடங்களிலும் அவை இயங்குகின்றன. வர்த்தமானி அறிவித்தலின் வழியே மாணவர் தெரிவு செய்யப்படுகின்றனர், மூன்றாண்டுப் பயிற்சி, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. கட்டணம் கட்டுவதற்குப் பதிலாகக் கையிலே காசு வாங்கிக்கொண்டு படிக்கும் படிப்பு இந்நாட்டில் அதிகமில்லை. மற்றையது, பல்கலைக்கழகங்களின் நான்காண்டுத் தாதியியற் பட்டம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலும் அது கற்பிக்கப்படுகின்றது. போதனாமொழி ஆங்கிலம். இடங்களோ சில. இசட் புள்ளியின் பத்தாயிரத்திலொரு கூறு பலரை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றது.

இங்கேதான் எமது சமூகத்தின் பழைய நோயொன்று தலைகாட்டுகின்றது. பட்டம் என்ற சொல்லின்மீது எமக்குள்ள மயக்கத்தைச் சொல்கின்றோம். பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கத் தகுதியிருந்தும், "அது டிப்ளோமாதானே" என்று ஒதுக்கிவிட்டு, இரண்டாந் தடவை, மூன்றாந் தடவை என்று உயர்தரப் பரீட்சை எழுதி, ரியூசன் கொட்டில்களில் இளமையைக் கழித்து, இறுதியில் மதிற்சுவர் விளம்பரத்தின் காலடியில் வந்து விழும் பிள்ளைகளை நாம் அறிவோம். அவர்களைத் தடுத்தது இசட் புள்ளியன்று. அயலவர் என்ன சொல்வார்களோ என்ற அச்சமே. இதிலே வேடிக்கை என்னவெனில், தாதித் தொழிலையே ஒரு காலத்தில் தீண்டத்தகாததாகக் கருதியதும் இதே சமூகந்தான். பிறர் உடலைத் தொட்டுக் கழுவுவதா, முன்பின் அறியாத ஆடவருக்கு மருந்து கட்டுவதா என்று கேட்டவர்களின் பேரர்கள், இன்று திருமண விளம்பரத்தில் "மணமகள் தாதியாயின் விரும்பத்தக்கது" என்று எழுதுகின்றார்கள். மனம் திருந்தியதன் பயன் என்று மகிழ இடமில்லை. இலண்டன் வீசாவின் பயன் அது. ஆண்பிள்ளைகளுக்கும் இக்கல்லூரிகளின் கதவு திறந்தே இருக்கின்றது என்பதை எத்தனை பெற்றோர் அறிவர்?

தாதியர் பயிற்சி எமக்குப் புதிதன்று. 1847ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 60க்கு மேற்பட்ட இளைஞர்களை மேனாட்டு வைத்தியத்தில் பயிற்றினார். உடற்கூற்றியல், இரண வைத்தியம், இரசாயனம் ஆகியவற்றைத் தமிழிலே எழுதுவித்து, தமிழிலேயே கற்பித்தார். அதே நூற்றாண்டின் இறுதியில் இணுவிலில் எழுந்த மக்லியொட் பெண்கள் வைத்தியசாலை, தமிழ்ப் பெண்களைத் தாதியராக்கியது. அப்பெண்களின் கையில் பட்டம் இருக்கவில்லை. அவர்கள் கையாற் பிறந்த பிள்ளைகளுக்கோ கணக்கில்லை.

கிறீனின் தாயகமாகிய அந்த அமெரிக்காவிலேயே, நாம் இப்போது பேசும் இந்த வாதம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றது. அதனை நம்மவர் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் பட்டமா, குறுகியகாலப் படிப்பா என்பதை வாயால் மட்டுமன்றிச் சட்டத்தாலும் ஆராய்ச்சியாலும் சோதித்துப் பார்த்த நாடு அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கே தாதியருக்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஆய்வு செய்த மில்றெட் மொன்டாக் என்னும் அம்மையார் 1951இல் ஒரு யோசனையை முன்வைத்தார். ஊர்தோறும் பெருகிவந்த சமுதாயக் கல்லூரிகளில், இரண்டாண்டுக் காலத்தில் தாதியரைப் பயிற்றலாம் என்பதே அது. சமுதாயக் கல்லூரி என்பது, வீட்டிலிருந்தபடியே சென்று குறைந்த கட்டணத்தில் படிக்கக்கூடிய பொதுக் கல்லூரி. மறுவருடமே ஒரு சில கல்லூரிகளில் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. மொன்டாக் அம்மையார் எண்ணியது, முழுத் தாதிக்கும் உதவியாளருக்கும் இடைப்பட்ட ஒரு நிலையை. நடந்ததோ வேறு. அக்கல்லூரிகளில் தேறியவர்கள் பட்டதாரிகள் எழுதும் அதே அனுமதிப் பரீட்சையை எழுதினர். அதே அனுமதிப்பத்திரத்தைப் பெற்றனர். இன்றும் அவ்வாறே. இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து வந்தவரும் நான்காண்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவரும் ஒரே பரீட்சை எழுதி, ஒரே பதிவேட்டில் ஏறுகின்றனர்.

பட்டத்தை வற்புறுத்துவோர் வாளாவிருக்கவில்லை. 1965இல் அமெரிக்கத் தாதியர் சங்கம், தொழில்முறைத் தாதியாக விளங்கப் பட்டமே அடிப்படையாக வேண்டும் என்று கொள்கை அறிக்கை வெளியிட்டது. வட டக்கோட்டா என்னும் விவசாய மாநிலம், 1980களில் அதனைச் சட்டமாகவே ஆக்கியது. வேறெந்த மாநிலமும் அவ்வழியே செல்லவில்லை. 2003இல் வட டக்கோட்டாவும் அதனைக் கைவிட்டது. அதே 2003ஆம் ஆண்டிலேதான், பென்சில்வேனியா மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்த லிண்டா எய்க்கன் குழுவினரின் கட்டுரை வெளிவந்தது. பட்டதாரித் தாதியரின் விகிதம் நூற்றுக்குப் பத்து உயரும்போது, சத்திரசிகிச்சை நோயாளர் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து குறைவதாக அக்கட்டுரை கண்டது. ஒரே ஆண்டில் ஆராய்ச்சி ஒரு திசையிலும் சட்டம் மறுதிசையிலும் சென்ற விந்தை இது! ஆகவே பட்டத்தால் பயனில்லை என்று நாம் வாதிட வரவில்லை. அறிவு பெருகினால் நோயாளி பிழைப்பான் என்பதை எவர்தாம் மறுப்பர்?

இதற்கு அமெரிக்கர் கண்ட வழியே எமது கவனத்துக்குரியது. அவர்கள் குறுகிய பாதையை மூடவில்லை. அதன் முடிவிலிருந்து பாலமொன்றைக் கட்டினார்கள். சமுதாயக் கல்லூரியில் படித்துப் பதிவு பெற்றுச் சம்பளம் வாங்கத் தொடங்கிய தாதி, வேலை செய்துகொண்டே மிகுதிப் பாடங்களைக் கற்றுப் பட்டதாரியாகலாம். முன்னர் படித்தது கணக்கிற் சேரும். நியூயோர்க் மாநிலம் 2017இல் இயற்றிய சட்டமும் இதையொட்டியதே: எவ்வழியாலும் தாதியாக நுழைக, ஆயின் பத்தாண்டுகளுக்குள் பட்டத்தைப் பெற்றுக்கொள்க. ஏழையின் மகள் வாயிலில் தடுக்கப்படவுமில்லை. அவள் படியிலேயே நின்றுவிட அனுமதிக்கப்படவுமில்லை.

அந்நாட்டுப் பெற்றோர் இக்கல்லூரிகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும்போது கேட்கும் கேள்விகளையும் நாம் கவனித்தோம். கட்டடத்தின் அழகைப் பற்றியவை அல்ல அவை. மாநிலத் தாதியர் சபையின் அங்கீகாரம் உண்டா? கடந்த ஆண்டுகளில் அனுமதிப் பரீட்சை எழுதியோருள் முதல் தடவையிலேயே தேறியோர் நூற்றுக்கு எத்தனை பேர்? இங்கே படித்தது மேற்படிப்புக்குச் செல்லும்போது கணக்கிற் சேருமா? இரண்டாவது கேள்விக்கான விடையை மாநிலச் சபைகளே கல்லூரி வாரியாக வெளியிடுகின்றன. எந்தக் கல்லூரியும் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ள வேண்டியதில்லை, எண்கள் பேசுகின்றன.

அங்கேயும் மோசடி இல்லாமலில்லை. 2023ஆம் ஆண்டு தை மாதத்தில், புளோரிடாவைச் சேர்ந்த மூன்று தனியார் தாதியர் பாடசாலைகள் 7,600க்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை விலைக்கு விற்றதாக அந்நாட்டு நீதித் திணைக்களம் வெளிப்படுத்தியது. 25 பேர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. வாங்கியவர்களுள் ஏறத்தாழ 2,400 பேர் அனுமதிப் பரீட்சையிலும் தேறிவிட்டனர் என்பதே அச்செய்தியில் அச்சமூட்டும் பகுதி. நோயாளியைத் தொட்டறியாதவரும் தாளிலே விடையெழுதித் தேற முடிந்திருக்கின்றது. விடுதியிலே நின்று கற்ற மணித்தியாலங்களுக்கு ஈடாக எதுவுமில்லை. எனவே எம்மவர் எந்த நிலையத்திலும் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: எந்த வைத்தியசாலையில், எத்தனை வாரம், யாருடைய மேற்பார்வையில் எனது பிள்ளை நோயாளரைப் பராமரிக்கப் பழகுவாள்? "ஏற்பாடு செய்வோம்" என்பது விடையன்று.

தாதித் தொழிலில் மொழி வகிக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு வரும் முதியவர் "நெஞ்சு எரியுது" என்கிறாரா, "நெஞ்சை அடைக்குது" என்கிறாரா என்பதில் உயிர் தங்கியிருக்கின்றது. "அந்தரமாய்க் கிடக்கு" என்று ஒரு யாழ்ப்பாணத்துக் கிழவி சொன்னால், அச்சொல்லை வேறெந்த மொழியில் பெயர்ப்பது? வைத்தியர் ஒருமுறை வந்து பார்த்துப் போவார். இரவு முழுவதும் அருகிலிருந்து கேட்பவள் தாதியே. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின், 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. பத்திரத்தில் உள்ள அவ்வுரிமை படுக்கையருகே வந்து சேர்வது, தமிழ் பேசும் தாதி ஒருத்தி அங்கே நிற்கும்போதுதான். மலையகத்தின் வைத்தியசாலைகளிலே, தன் நோவைச் சொல்ல மொழியின்றி, கூட வந்த பத்து வயதுப் பேரனை மொழிபெயர்ப்பாளனாக்கிக்கொள்ளும் தோட்டத் தொழிலாளியைக் கண்டவர்களுக்கு நாம் சொல்வதன் பொருள் விளங்கும். தோட்டப்புறப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு போதிய அளவு இல்லாதவரை அங்கிருந்து தாதியர் வருவது எங்ஙனம்? தாதியர் கல்வி எமக்கு வெறும் உத்தியோகப் பிரச்சினையன்று.

வெளிநாட்டு மோகத்தைப் பற்றியும் கூறாதுவிடல் நேர்மையாகாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இந்நாட்டைவிட்டுச் சென்ற, செல்லத் துடிக்கின்ற இளைஞரை நாம் பழிக்க மாட்டோம். ஆயினும் அவர்களும் ஒன்றை அறிய வேண்டும். இங்கிலாந்தின் தாதியர் பதிவேட்டில் ஏற விரும்புபவர், தமது நாட்டிலே பதிவு பெறுவதற்குரிய கல்வியைப் பெற்றவர் என்று காட்ட வேண்டும். ஆங்கிலத் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். கணினியில் ஒரு பரீட்சையும் செயன்முறையில் ஒரு பரீட்சையும் தேற வேண்டும். இங்கே பதிவுக்கு உதவாத சான்றிதழ் கடலைக் கடந்ததும் பொன்னாகிவிடும் என்று கூறுபவர், கடல் கடந்து பார்த்தவர் அல்லர்.

சரி, ஒரு குடும்பம் என்ன செய்ய வேண்டும்? எமது அபிப்பிராயத்தைக் கேட்போருக்கு ஒளிவுமறைவின்றிக் கூறுவோம். பல்கலைக்கழகத்துக்கும் பயிற்சிக் கல்லூரிக்கும் ஒருங்கே இடம் கிடைத்து, நான்காண்டுக் காலம் பொறுத்திருக்கக் குடும்பத்தால் இயலுமாயின், பல்கலைக்கழகமே நன்று. நாளைய தாதியருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அங்கிருந்தே வரவேண்டும். அவ்விடங்களில் தமிழர் இல்லையெனில் தமிழ் மாணவருக்குக் கற்பிக்க எவர் வருவார்? ஆனால் மூத்த பிள்ளை, தகப்பனாருக்குக் கடன், தம்பி தங்கையர் பள்ளியில் என்ற நிலையிலுள்ள வீட்டுக்கு நாம் தயங்காது கூறுவது பயிற்சிக் கல்லூரியையே. மூன்றாண்டில் பதிவு, அதன்பின் சம்பளம். படிப்பும் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. பதிவு பெற்ற தாதியருக்கெனத் திறந்த பல்கலைக்கழகம் 1990களிலிருந்தே தாதியியற் பட்டப்படிப்பை நடத்தி வருகின்றது. இரு வழிகளுக்கும் ஒப்பந்தங்களும் நிபந்தனைகளும் உண்டு. சேவையாற்ற வேண்டிய காலம், இடமாற்றம் ஆகியவை பற்றிக் கையொப்பமிடுமுன் வாசியுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒரு சட்டத்தரணியேனும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றார். இதற்குக் கட்டணம் கேட்பாராயின் எமக்குத் தெரியப்படுத்துங்கள்!

இரு வழியும் கிட்டாதவர்களுக்கு, அடுத்த வர்த்தமானி வரும்வரை ஆங்கிலத்தைப் படியுங்கள் என்பதே எமது ஆலோசனை. உதவித் தாதிப் பயிற்சியோ பராமரிப்பாளர் பயிற்சியோ பெறுவதாயின், அதுவே அதுவென்று தெரிந்து, அதற்குரிய விலையை மட்டும் கொடுத்துப் பெறுங்கள். வயலை ஈடு வைத்து வாங்கக்கூடிய விலையன்று அது.

அரசாங்கத்திடமும் எமது பிரதிநிதிகளிடமும் நாம் கேட்பவை சில உள. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும், பயிற்சிக் கல்லூரிகளில் தேறிக் கடமையாற்றும் தாதியருக்கு, முன்னர் படித்த மூன்றாண்டையும் கணக்கிற் கொண்டு, மிகுதியை மட்டும் கற்பித்துப் பட்டம் வழங்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். இரவுக் கடமை முடித்து வரும் தாதி, முதலாம் ஆண்டு மாணவியோடு அமர்ந்து வெப்பமானி பிடிக்கக் கற்க வேண்டியதில்லை. அடுத்ததாக, எந்தெந்த நிலையங்களின் பாடநெறி தாதியர் பதிவுக்கு உரியது என்ற பட்டியல் மும்மொழிகளிலும், உயர்தரப் பெறுபேறுகள் வரும் அதே வாரத்தில், பிரதேச செயலகந்தோறும் ஒட்டப்பட வேண்டும். அவ்வாறு உரியதல்லாத நிலையம், தன் விளம்பரத்திலேயே "இப்பாடநெறி தாதியர் பதிவுக்கு உரியதன்று" என்று, தொலைபேசி இலக்கம் அச்சிடப்படும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். மருந்துப் போத்தலில் எச்சரிக்கை ஒட்டுவதற்குச் சட்டம் உண்டென்றால், பிள்ளையின் வாழ்வை விலைபேசும் சுவரொட்டிக்கு ஏன் கூடாது? பாராளுமன்றத்தில் சுகாதார அமைச்சின் செலவுத் தலைப்பு விவாதத்துக்கு வரும்போது, எமது உறுப்பினர்கள் வழக்கமான வீரவுரைகளுக்கிடையே இதற்கென ஐந்து நிமிடங்கள் ஒதுக்குவார்களாக.

அதுவரையில் மக்கள் கையில் ஆயுதமொன்று இருக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டமே அது. எந்தப் பொது அதிகாரசபையிடமும் எந்தப் பிரசையும் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கின்றீர் என்று காரணம் வினவ அவர்களுக்கு உரிமையில்லை. தகவல் வழங்குவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். இலங்கைத் தாதியர் சபையின் தகவல் அலுவலருக்கு முகவரியிட்டு இவ்வாறு எழுதுங்கள்: "கீழே பெயர் குறிப்பிடப்பட்டுள்ள நிறுவனம் நடத்தும், கீழே பெயர் குறிப்பிடப்பட்டுள்ள பாடநெறியில் சித்தியடையும் ஒருவர், அத்தகைமையை மட்டும் கொண்டு தாதியாகப் பதிவு பெறத் தகுதியுடையவரா? கடந்த ஐந்தாண்டுகளில் அவ்வாறு பதிவு பெற்றவர்கள் எத்தனை பேர்?" நிறுவனத்தின் பெயரையும் பாடநெறியின் பெயரையும் துண்டுப்பிரசுரத்தில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பிரதி செய்யுங்கள். கடிதத்தின் படியொன்றை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் கைக்கு வரும்வரை எந்த நிலையத்திலும் ஒரு சதமேனும் கட்டாதீர்கள். முற்பணம் இன்றே கட்டினால் கழிவு உண்டு என்று அவர்கள் சொன்னாலும்.